கிரீடத்தைத் திருப்பி மாட்டியவள்

தங்கை ஜெயித்த பட்டியல் நீளம். ஆறு வயதில் இடது காதில் சீழ் வைத்தபோது, "இந்தக் காது இனிமேல் பாதிதான், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள்" என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பள்ளியில் காட்டாமலே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு தேறினாள். வகுப்பில் அவளுக்கு டமாரம் என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை வைத்தவனே பத்து வருடம் கழித்து, எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று அவளிடம் யோசனை கேட்டுவிட்டுப் போனான். காது சரியில்லாத பெண்ணுக்கு வேலை இல்லை என்று ஒரு துணிக்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு பேருந்து நிறுவனம் என மூன்று இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். நான்காவதாக, காதை நம்பியே பிழைக்கும் ஒரு கடையில் போய் வேலை கேட்டாள். கிடைத்தது. கடைசியாக அவள் ஜெயித்தது கிரீடத்தை. ஆனால் அதற்கு முன் சொந்த அண்ணனை ஜெயிக்க வேண்டியிருந்தது, அதில் முதல் சுற்று தோல்விதான்.

அது ஹெட்ஃபோன் மட்டுமே விற்கும் கடை. நீளமான ஒரே அறை, ஒரு பக்கச் சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. எதிர்ச் சுவரை ஒட்டி எட்டடி மேசை. மேசையில் பன்னிரண்டு துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு வால்யூம் திருகு. செருகி வைத்திருக்கும் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டி யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம். காசில்லாமல் என்பதால் எல்லாத் தலைகளும் வரும். எண்ணெய்த் தலை, வியர்வைத் தலை, நேற்றுச் சாயம் பூசிய தலை. அந்தத் தலைகள் விட்டுப்போனதைத் துடைப்பது தங்கையின் வேலை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் காது மெத்தையை உள்ளிருந்து வெளியாகத் துடைக்க வேண்டும். காய்ந்ததும் அதே துளையில் செருகி, இரண்டு பக்கமும் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு, நோட்டில் ஒரு டிக் அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு சுற்று.

அவளுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் ஹெட்ஃபோனைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள், ஏதோ இரைகிறது என்று தெரிந்ததும் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். தங்கையால் அப்படிச் செய்ய முடியவில்லை. இடது காது பாதி என்பதால் இடப் பக்கச் சத்தம் அவளுக்கு எப்போதுமே குறைவாகத்தான் கேட்கும். குறை காதிலா ஹெட்ஃபோனிலா என்று எப்படித் தெரியும்? அதனால் முதலில் நேராக மாட்டி, வலது கிண்ணத்தை வலது காதால் கேட்பாள். பிறகு முன்பின்னாகத் திருப்பி மாட்டி, இடது கிண்ணத்தையும் அதே வலது காதால் கேட்பாள். இரண்டு மூட்டையையும் ஒரே தராசில் மாற்றி மாற்றி வைப்பது மாதிரி. இரண்டு காதும் நன்றாக உள்ளவர்களுக்கு இந்த யோசனை வராது. இரண்டு பக்கமும் இரைந்தால் போதும், மிச்சத்தை மனசு ஒப்பேற்றிக்கொள்ளும்.

சோதிப்பதற்கென்று கடையில் ஒரு நாற்பது விநாடிப் பதிவு உண்டு. ஒரு பெண் நிதானமாகச் செய்தி வாசிப்பாள், அதன் பிறகு கொஞ்சம் வயலின், கொஞ்சம் முழவு. வருடத்துக்கு முந்நூறு வேலை நாள் என்று வைத்தால், இரண்டு வருடத்தில் தங்கை அந்தப் பெண்ணை ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு தடவை கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லுக்கு முன் உதடு ஒட்டிப் பிரியும் என்பது வரை அவளுக்கு மனப்பாடம். எந்த ஹெட்ஃபோனில் அந்த மூச்சு கேட்கும், எதில் கேட்காது என்பதையும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் கிரீடம் வந்தது. உண்மையான பெயர் வேறு, நாக்கு சுளுக்கும். தலைவளையத்தைச் சுற்றித் தங்க நிறப் பட்டை ஓடியதால் கடையில் எல்லாரும் கிரீடம் என்றார்கள். நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி. மூடியில் காந்தம். திறந்தால் வெல்வெட். வெல்வெட்டுக்குக் கீழே, "நீங்கள் சாதாரண ஆள் இல்லை" என்ற பொருளில் ஓர் அட்டை. விலை, தங்கை வீட்டின் மூன்று மாத வாடகை. அதே மேசையில் அதில் ஆறில் ஒரு பங்கு விலைக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அதைச் சாம்பல் என்றே கூப்பிட்டார்கள். பழுப்பு அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் வளையம், பார்த்தால் கணக்கு வாத்தியார் முகம். அதில்தான் அந்தச் செய்திப் பெண்ணின் மூச்சு சுத்தமாகக் கேட்டது. ஆறு வாரத்தில் சாம்பல் நான்கு விற்றது. கிரீடம் எழுபத்தொன்று.

கிரீடத்தை எப்படி வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வருகிறவர் அதை எடுத்து மாட்டுவார். மாட்டியதும் திரும்பிக் கண்ணாடியைப் பார்ப்பார். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, தாடையைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடுவார். ஒருநாள் சலவைச் சட்டை போட்ட ஒருவர் இப்படி நின்றுகொண்டு விற்பனையாளரிடம் சொன்னார்.

"பேஸ் சத்தம் அள்ளுதுங்க."

"நான் இன்னும் பாட்டே போடலையே சார்," என்றார் விற்பனையாளர்.

"இல்ல, பொதுவா சொன்னேன்."

அன்றைக்கு மாலைக்குள் வாங்கிக்கொண்டும் போய்விட்டார்.

அந்த விற்பனையாளருக்குக் கடையில் ரெண்டு புள்ளி என்று பெயர். வால்யூம் திருகைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள் இருக்கும். விலை உயர்ந்த ஹெட்ஃபோனை ஒன்றாம் துளையில் செருகி, மற்றவற்றைவிட இரண்டு புள்ளி சத்தம் கூட்டி வைப்பது அவருடைய தொழில் ரகசியம். சத்தம் கொஞ்சம் கூடினால் காதுக்கு அதுவே நல்லதாகப் படும். இருபது வருடமாக இதை வைத்தே ஊர் காதில் பூ சுற்றியிருக்கிறார். வெளியே தெரியக்கூடாது என்பதற்காக ஒன்றாம் துளையின் திருகுக்கு மட்டும் பழைய மூடியை மாற்றிப் போட்டிருந்தார். அது நான்கு காட்டும்போது உள்ளே ஆறு போய்க்கொண்டிருக்கும்.

"வாடிக்கையாளர் சந்தோஷமா போறாரா இல்லையா?" என்று ஒரு தடவை தங்கையிடமே கேட்டார். "அந்த ரெண்டு புள்ளி நான் குடுக்கிற சந்தோஷம்மா."

"வீட்டுக்குப் போனதும் அது இறங்கிடுமே சார்?"

"வீட்டுக்கு வந்து பாக்கவா போறேன்?"

கிரீடத்தை முதல்முறை துடைத்துக் கேட்ட அன்றே தங்கைக்குப் பொறி தட்டியது. நேராக மாட்டினால் செய்திப் பெண் போர்வைக்குள்ளிருந்து பேசினாள். திருப்பி மாட்டினால் போர்வையை விலக்கிவிட்டு, ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினாள். ஒரே ஹெட்ஃபோனின் இரண்டு கிண்ணமும் அக்கா தங்கை மாதிரிக்கூட இல்லை, அயல்வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தன.

இந்தக் கிரீடத்தைத்தான் அண்ணன் வாங்கினார். அவருக்குத் தையல் நிறுவனத்தில் துணி வெட்டும் வேலை. அங்கே வெட்டும் மேசையில் நிற்கிற ஏழு பேரில் நான்கு பேர் கழுத்தில் கிரீடம் தொங்கியது. தங்கை வேண்டாம் என்று மூன்று நாள் சொன்னாள். அவள் பேரில் ஊழியர் தள்ளுபடி கிடைக்கும் என்று இவர் மூன்று நாள் சொன்னார். வாங்கியாயிற்று. அதை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டதைவிடக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனதுதான் அதிகம்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலது பக்கம் கரகரவென்றது. தங்கை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, சின்னத் திருப்புளியால் கிண்ணத்தைத் திறந்தாள். உள்ளே ஒலிக்கருவிக்குப் பின்னால் பசை போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் தகடு. அதற்கு எந்தக் கம்பியும் போகவில்லை. இடது கிண்ணத்திலும் அப்படியே ஒன்று.

"இது என்ன பாகம்?" என்றார் அண்ணன்.

"கனம்."

"கனம்னா?"

"கையில தூக்கினா வெயிட்டா இருக்கணும்ல, அதுக்கு."

அண்ணன் தகடுகளை அடுத்த தெரு மளிகைக் கடைக்கு எடுத்துப்போய் நிறுத்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து எழுபத்தாறு கிராம். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"கனமா இருந்ததாலதானே தரம்னு நினைச்சேன்."

"இரும்பு தரமாத்தான் இருக்கு அண்ணா," என்றாள் தங்கை. "குறை சொல்ல முடியாது."

அம்மா அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "தூக்கிப் போட்டுடாதீங்க. கதவு காத்துல அடிச்சுக்குது, அதுக்கு முட்டுக் குடுக்கலாம்."

அன்றிலிருந்து ஒரு தகடு முன்கதவுக்கும் ஒன்று ஜன்னலுக்கும் ஆயின. கிரீடத்தில் வீட்டுக்கு உருப்படியாகப் பயன்பட்டது அவை இரண்டும்தான். அண்ணன் ஒரு வாரம் வெறுங்கழுத்தோடு வேலைக்குப் போனார். பிறகு சாம்பல் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். யாராவது கேட்டால், "கிரீடம் ரிப்பேர்ல இருக்கு" என்றார். பொய் இல்லை.

ஜூலை கடைசியில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொடுக்கும் ஓர் அலுவலகம். தொண்ணூறு பேர், ஒவ்வொருவரும் நாளுக்கு ஏழு மணி நேரம் ஹெட்ஃபோன் மாட்டியே இருக்க வேண்டிய வேலை. அவர்களுக்குத் தொண்ணூறு கிரீடம் வேண்டுமாம். அந்த அலுவலகத்தின் இயக்குநர் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தலையில் பார்த்தாராம். வேறு காரணம் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அவர்களுடைய கொள்முதல் அதிகாரி ஒரு கறாரான அம்மா. ஒவ்வொரு ஹெட்ஃபோனுக்கும் ஒரு சோதனைத் தாள் வேண்டும், அதில் இரு பக்க ஒலியும் சமமாக இருப்பதாகச் சோதித்தவரே கையொப்பமிட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்.

முதலாளி தொண்ணூறு தாளையும் தங்கையின் முன் வைத்தார்.

"தினமும் நீதானேம்மா சோதிக்கிற. மளமளன்னு போட்டுடு. மத்தியானம் அனுப்பணும்."

"பெட்டியே இன்னும் பிரிக்கல சார்."

"அதான் புதுசுன்னு அர்த்தம்."

"கேக்காம எப்படி சார் போடறது?"

அதுவரை தங்கை கையெழுத்தே போடாதவள் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டதற்குப் போட்டிருக்கிறாள், பார்சல் பெற்றுக்கொண்டதற்குப் போட்டிருக்கிறாள். இது சரியாக இருக்கிறது, இதற்கு நான் பொறுப்பு என்று ஒரு பொருளுக்கும் போட்டதில்லை. துடைக்கும் பெண்ணிடம் அதை யாரும் கேட்டதும் இல்லை.

இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கினாள். தொண்ணூறையும் பிரித்து நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை கேட்டாள். அறுபத்தொன்றில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாள்களை வெறுமையாகவே முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

முதலாளி முதலில் கெஞ்சினார். இந்த ஆர்டர் முடிந்தால் கிரீடக் கம்பெனி கடை வாசலில் ஒளிரும் பலகை வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்தப் பலகைக்காக அவர் பழைய பலகையை ஏற்கெனவே கழற்றிவிட்டார். பிறகு குரல் மாறியது.

"உனக்கு ஒரு காதுதான் கேக்கும்னு ஊருக்கே தெரியும். அரைக் காதை வச்சுக்கிட்டு என் தொண்ணூறு பீஸ குறை சொல்றியா?"

"அந்த ஒரு காதாலதான் சார் ரெண்டையும் கேட்டேன்."

"வியாழக்கிழமை அந்தம்மா நேர்ல வராங்க. அதுக்குள்ள கையெழுத்து வந்தா வேலை இருக்கு. இல்லன்னா வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம். அதுவரைக்கும் பின்னாடி ஸ்டோர்ல இரு, மேசைப் பக்கம் வராத."

வீட்டில் அப்போது நிலைமை நன்றாக இல்லை. அண்ணனுக்கு ஜூனிலிருந்து பாதி ஷிப்ட்தான். வாடகை தங்கை சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவள் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தத் தொண்ணூறு பேரும் சும்மா இருப்பாங்களா?" என்றார்.

"அவங்களுக்குத் தெரியாது அண்ணா. பக்கம் பக்கமாத் தப்பு வரும். நமக்குத்தான் கவனம் போதலன்னு நினைச்சுப்பாங்க."

அண்ணன் கதவுக்கு முட்டாக இருந்த தகட்டைக் காலால் நகர்த்தினார்.

"எனக்குப் பரவால்ல, காசு குடுத்து அசடு வழிஞ்சேன். அவங்க சம்பளம் வாங்கிட்டு வழியணுமா? போடாத. வாடகைக்கு நான் ஞாயித்துக்கிழமையும் எங்கயாவது வெட்டப் போறேன்."

"போடப் போறேன்னு யாரு சொன்னா?" என்றாள் தங்கை. "உங்ககிட்ட சொல்லிட்டு வேலைய விடலாம்னுதான்."

ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை. காலைச் சுற்றுக்குத் துடைக்க ஆள் இல்லை. தங்கை ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"துடைக்கிறது என்ன பெரிய வித்தையா?" என்று ரெண்டு புள்ளியே பஞ்சை எடுத்தார். பன்னிரண்டு ஹெட்ஃபோனையும் ஒன்றாகக் கழற்றி மேசையில் பரப்பினார். ஒரே பஞ்சில் எல்லாவற்றையும் துடைத்தார். பிறகு கைக்கு வந்த வரிசையில் செருகினார். இரண்டு வருடமாக எந்தத் தலைக்குப் பிறகும் எதுவும் இடம் மாறாமல் அதனதன் துளையில் இருந்ததால், அப்படி வைப்பதும் ஒரு வேலை என்று அவருக்குத் தெரியாது.

பத்தரைக்குக் கொள்முதல் அதிகாரி வந்தார். கையில் பென் டிரைவ். அவர்கள் அலுவலகத்தில் வரும் பதிவுகளே அதில் இருந்தன. முதலாளி குழைந்தார்.

"மேடம், அழகைப் பாத்து முடிவு பண்ணதா யாரும் சொல்லிடக்கூடாது. கண்ணை மூடிக்கோங்க. நாங்க ரெண்டு ஹெட்ஃபோன் மாட்டறோம். எது நல்லாருக்குன்னு உங்க காதே சொல்லட்டும்."

இருபது வருடம் தோற்காத ஆட்டம் அது. அதிகாரி கண்ணை மூடினார். ரெண்டு புள்ளி முதலில் ஒன்றை மாட்டினார், அப்புறம் மற்றொன்றை. இரண்டையும் அதிகாரி ஒவ்வொரு நிமிடம் கேட்டார்.

"ரெண்டாவது," என்றார் அதிகாரி. "சந்தேகமே இல்ல."

"அதுதான் மேடம் கிரீடம்," என்றார் முதலாளி, அதிகாரி பக்கமே பார்த்துக்கொண்டு. "காதை ஏமாத்த முடியாது பாருங்க."

அதிகாரி கண்ணைத் திறந்தார். தலையிலிருந்து கழற்றிப் பார்த்தார். சாம்பல்.

ரெண்டு புள்ளி குனிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே துளை வரை போனார். ஒன்றாம் துளை. கிரீடம் ஐந்தாம் துளையில் இருந்தது. கிரீடத்தின் மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் அவர் வாயை விட்டார்.

"மேடம், இது செல்லாது. துளை மாறிப்போச்சு. சாம்பலுக்கு ரெண்டு புள்ளி கூடப் போயிருக்கு."

"அப்படியா," என்றார் அதிகாரி. "மாறாத நாள்ல அந்த ரெண்டு புள்ளி யாருக்குப் போகும்?"

ரெண்டு புள்ளி முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணாடியைப் பார்த்தார். அதில் மூன்று பேரும் தெரிந்தார்கள்.

"இந்த மேசைய வழக்கமா யார் பாக்கறாங்க? தாள்ல ஏன் கையெழுத்து இல்ல? அவங்களக் கூப்பிடுங்க."

தங்கை ஸ்டோரிலிருந்து வந்தாள். அட்டைத் தூசி கையில் அப்பியிருந்தது. அதிகாரி அவளிடம் சாம்பலை நீட்டினார்.

"நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் எடுத்தேன். இதுதானே நல்லது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். முதலாளி தலைகுனிந்து நிற்கிறார், எதிரில் ஆர்டர் கொடுக்கிறவரே சாட்சி. தங்கை ஒன்றாம் துளையின் திருகைப் பார்த்தாள்.

"இப்ப கேட்டது கணக்குல சேராது மேடம். சார் சொன்னது சரி. இதுக்குச் சத்தம் அதிகமாப் போயிருக்கு, அப்படிக் கேட்டா எதுவும் நல்லாத்தான் இருக்கும். திருகை நீங்களே புடிங்க. ரெண்டும் ஒரே சத்தம்னு உங்களுக்குத் தோணற இடத்துல நிறுத்திட்டு மறுபடி கேளுங்க."

சாயங்காலம் இதைக் கேட்டு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கையில் விழுந்த வெற்றியை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்றார். ஆனால் அடுத்த ஷிப்டில் வெட்டும் மேசையில் நின்ற எல்லாருக்கும் அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னவரும் அவர்தான்.

அதிகாரி திருகைத் தன் கையாலேயே வைத்தார். சாம்பலைக் கேட்டார். கிரீடத்தைக் கேட்டார். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

"ரெண்டுமே பரவால்லையே," என்றார்.

"இப்ப கிரீடத்தைத் திருப்பி மாட்டுங்க மேடம். வலது இடது மாறட்டும்."

அதிகாரி மாட்டினார். சாட்சி சொல்லும் யாரோ ஒருவரின் பதிவு ஓடியது. அவர் கை மெதுவாக இடது கிண்ணத்துக்குப் போனது. கழற்றினார், நேராக மாட்டினார், மறுபடி திருப்பினார். நான்கு தடவை.

"முதல்ல இவர் நடுவுல நின்னு பேசற மாதிரிதான் இருந்தது," என்றார். "இப்பத்தான் தெரியுது, அவர் நடுவுலயே இல்ல. நான் திருப்பத் திருப்ப அவரும் பக்கம் மாறிட்டே இருக்கார்."

சாம்பலைத் திருப்பி மாட்டினார். பேசுகிறவர் நின்ற இடத்திலேயே நின்று பேசினார்.

"தொண்ணூறுல எத்தனை இப்படி?"

"அறுபத்தொண்ணு மேடம்."

"இதைச் சொன்னதுக்குத்தான் ஸ்டோர்ல இருந்தியா?"

தங்கை கையிலிருந்த அட்டைத் தூசியைத் தட்டினாள். முதலாளி இருமினார்.

அதிகாரி ஆர்டர் தாளில் கிரீடம் என்ற இடத்தை ஒரு கோட்டில் அடித்தார். விலை வித்தியாசத்தைப் பார்த்தால் இயக்குநர் விமானத்தையே மறந்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாம்பல் தொண்ணூறு என்று எழுதினார். அதன் கீழ், ஒவ்வொன்றையும் இந்தப் பெண்ணே சோதித்துக் கையொப்பமிட வேண்டும், வேறு கையொப்பம் செல்லாது என்று ஒரு வரி சேர்த்தார். முதலாளி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். படித்து முடித்தபோது வெள்ளிக்கிழமை அவர் நினைவிலிருந்து போய்விட்டது.

"நம்ம பொண்ணு மேடம்," என்றார். "சின்னதுலருந்தே ரொம்பக் கவனம்."

தங்கையை அவருக்குத் தெரிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

சாம்பல் பெட்டிகள் திங்கட்கிழமை காலை வந்து இறங்கின. அன்று முழுக்கவும் மறுநாள் காலையிலும் தங்கை கேட்டாள். நேராக ஒன்று, திருப்பி ஒன்று. சாம்பல் என்பதற்காகச் சலுகை எதுவும் கொடுக்கவில்லை. ஆறு சரியில்லை என்று தனியே எடுத்து வைத்தாள். ஆறுக்கும் மாற்று வரச் சொன்னாள். முதலாளி, "ஆறுதானே" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துப் போனை எடுத்தார். தங்கை மேசையின் ஓரத்தில் ஸ்பிரிட் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தாளை இழுத்தாள். ஒன்றாம் எண், வலது சரி, இடது சரி. சோதித்தவர் என்று அச்சிட்ட கோட்டின் மேல் தன் முழுப் பெயரை, ஓர் எழுத்தும் சுருக்காமல், நிதானமாக எழுதினாள். அன்று தேதி 2025 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.